‘அந்த டீம் ஓவர்பவர், தூக்குங்கண்ணே!’: கஸ்டம் ரூம் பஞ்சாயத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரைப் பக்கம், போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்குக் குரூப் நடத்துகிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள். கஸ்டம் ரூம், அதாவது நாமே ஆட்களை அழைத்து நடத்தும் தனி ஆட்டம், போடுவது சுலபம், ரூம் முடிந்த பிறகு வருகிற பஞ்சாயத்துதான் பெரிது என்பார்கள். செல்லூர் டீம் தொடர்ந்து மூன்று மேட்ச் ஜெயித்துவிட்டால் போதும். வில்லாபுரத்திலிருந்து வாய்ஸ் மெசேஜ் வரிசையாக வந்து விழும்.

“அண்ணே, அவய்ங்க வச்சிருக்கிற காம்போ ஓவர்பவர்ண்ணே. அதத் தூக்காட்டி நாங்க அடுத்த வாரம் வரமாட்டோம்.”

“ஆடத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு மாப்ள. காம்போவ எதுக்குக் குத்தம் சொல்ற?”

காம்போ என்றால் சேர்த்து வைத்து ஆடும் கேரக்டர் ஸ்கில்களின் கூட்டு, ஓவர்பவர் என்றால் அளவு மீறிய பலம். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், இருவர் சொல்வதும் தவறாக இருக்கலாம். அந்தச் சண்டையில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஏனென்றால் ஜெயித்தவர்கள் நல்ல ஆட்டக்காரர்களா, அவர்கள் கையில் இருப்பது உண்மையிலேயே அதிக பலமுள்ளதா, அதற்கு மாற்று இருந்தும் நமக்குத் தெரியவில்லையா என்ற வெவ்வேறு கேள்விகளை ஒரே குரலில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இவற்றைப் பிரித்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். மீதிக்குத்தான் விதி தேவை.

நாலுக்கு நாலு ஆடும் கிளாஷ் ஸ்குவாட் கஸ்டம் ரூமை நடத்தும் அட்மின்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பிஜிஎம்ஐ, வேலரண்ட் போன்ற ஆட்டங்களை ஆடுபவர்கள் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: புகாரை எழுத்தில் வாங்குங்கள்

வாய்ஸ் மெசேஜில் வரும் புகாரை ஏற்க வேண்டாம். குரலில் கோபம் இருக்கும், விவரம் இருக்காது. “செல்லூர் டீம் ஓவர்பவர்” என்பது வெறும் புலம்பல். புகார் என்றால் அதில் பொருள் என்ன, எந்த மேப், ஆட்டத்தின் எந்தக் கட்டம் என்று இருக்க வேண்டும். இப்படி: “நாலு பேரில் இரண்டு பேர் அலோக் வைத்துக்கொண்டு ஒன்றாகவே நகர்கிறார்கள். முதல் இரண்டு ரவுண்டில், பெரிய துப்பாக்கி வாங்கக் காசு இல்லாத நேரத்தில், அவர்களை வீழ்த்த முடியவில்லை.” இதைச் சோதித்துப் பார்க்க முடியும். அலோக் என்ற கேரக்டரின் ஸ்கில் தன்னோடு அருகில் இருக்கும் கூட்டாளிகளுக்கும் ஹெச்பி (உயிர்ப் புள்ளி) ஏற்றுகிறது, வேகமும் கூட்டுகிறது. அதனால் ஒட்டி நகரும் டீமுக்கு அது லாபம் என்பது நியாயமான சந்தேகம்தான்.

எழுதச் சொன்னதுமே சில புகார்கள் காணாமல் போகும். எழுத உட்காரும்போதுதான் தன் கோபம் காம்போ மீது இல்லை, நம் பக்கத்தில் குளூ வால் என்ற தடுப்புச் சுவரைப் போடாமல் ஓடிய ஆள் மீது என்பது அவருக்கே தெரியவரும்.

புகார் எதன் மீது என்பதைப் பாருங்கள். ஒரு கேரக்டரின் ஸ்கில் மீதா? ஒரு ஆக்டிவும் (நாமே அழுத்தி இயக்கும் ஸ்கில்) மூன்று பேசிவும் (தானே இயங்குபவை) சேர்ந்த காம்போ மீதா? துப்பாக்கி மீதா? மேப்பில் இறங்கும் பக்கத்தின் மீதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. துப்பாக்கிக்கு மாட்டும் அலங்காரமான ஸ்கின் மீது என்றால் விசாரணையே வேண்டாம். சில ஸ்கின்கள் டேமேஜையோ சுடும் வேகத்தையோ கூட்டி, ரீலோடு போன்ற வேறொன்றைக் குறைக்கின்றன. யார் எவ்வளவு டைமண்ட் (காசு கொடுத்து வாங்கும் ஆட்ட நாணயம்) செலவழித்தார் என்பதைத்தான் அது அளக்கிறது. ரூம் செட்டிங்கில் ‘கன் ப்ராப்பர்ட்டி’யை அணைத்துவிடுங்கள். இதற்கு ஓட்டெடுப்பு நடத்தும் அட்மின்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்கின் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம் என்றுதான் ஓட்டு விழும். அதற்கு ஓட்டெடுப்பு எதற்கு?

படி 2: ஆளையும் ஆயுதத்தையும் பிரித்துப் பாருங்கள்

ஆடுபுலி ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இது புதிதே அல்ல. மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. இரு பக்கமும் ஒரே மாதிரி காய் இல்லை, ஒரே மாதிரி நகர்வும் இல்லை. புலி தாண்டி வெட்டும், ஆட்டால் வெட்ட முடியாது, சுற்றி வளைத்து முடக்கத்தான் முடியும். ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்து அதை ஆடியவர்கள் புலிக்குப் பலம் குறையுங்கள் என்று கேட்டதில்லை. ஒரு ஆட்டம் நீ புலி, அடுத்த ஆட்டம் நான் புலி என்று மாற்றிக்கொண்டார்கள். யார் கையில் போனாலும் புலியே ஜெயித்தால் குறை ஆட்டத்தில். ஒரே ஆள் புலியாகவும் ஜெயித்து ஆடாகவும் ஜெயித்தால் அவர் கெட்டிக்காரர்.

உங்கள் ரூமிலும் இதையேதான் செய்ய வேண்டும். முதலில் கேரக்டர் ஸ்கில், கன் ப்ராப்பர்ட்டி இரண்டையும் அணைத்துவிட்டு இரு டீமும் மோதட்டும். இது அடிப்படைக் கணக்கு, ஆள் பலம் மட்டும் தெரியும். அடுத்து ஸ்கில்லைத் திறந்து, செல்லூர் தங்கள் காம்போவோடும் வில்லாபுரம் தங்கள் வழக்கமான செட்டோடும் ஆடட்டும். மூன்றாவது, அப்படியே மாற்றுங்கள். புகாருக்கு உள்ளான காம்போ வில்லாபுரத்தின் கைக்கு வரும், வில்லாபுரத்தின் செட்டைச் செல்லூர் எடுத்துக்கொள்ளும்.

கணக்கை எப்படிப் படிப்பது? ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஸ்கில் இல்லாமல் 100 ரவுண்டில் செல்லூர் 60 ஜெயிக்கிறது. காம்போவோடு அது 75 ஆகிறது. மாற்றி ஆடும்போது வில்லாபுரம் 55 ஜெயிக்கிறது. அதாவது செல்லூர் 60-லிருந்து 75-க்குப் போகிறது, வில்லாபுரம் 40-லிருந்து 55-க்குப் போகிறது. யார் எடுத்தாலும் 15 ஏறுகிறது என்றால் அந்த 15 காம்போவுடையது. செல்லூர் 50-க்கு மேலே வைத்திருக்கும் முதல் 10 அவர்கள் உழைப்பு. இந்தக் கணக்கைக் குரூப்பில் போட்டால் இரு தரப்புக்கும் பாதி மகிழ்ச்சி, பாதி வருத்தம். பெரும்பாலும் உண்மை அங்கேதான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. காம்போ கைக்கு வந்த அன்றே வில்லாபுரத்தை மோத விடாதீர்கள். பழகாத ஸ்கில்லோடு தோற்றால், “பாத்தியா, அத நீ வச்சிருந்தாலும் தோக்குற” என்று எதிரணி ஆரம்பித்துவிடும். குறைந்தது ஒரு வாரம் பழகட்டும்.

ஆள் பலத்தின் இடைவெளி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு சதுரங்கத்தைப் பாருங்கள். ஆட்டக்காரர்களின் பலத்தை எண்ணாகச் சொல்லும் ஏலோ முறைப்படி ரேட்டிங்கில் 200 கூடுதலாக உள்ளவர் 100 ஆட்டத்தில் ஏறத்தாழ 76 புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். இருவரிடமும் இருப்பது அதே பதினாறு காய்கள்தான். ஒரு டீம் பத்துக்கு ஏழரை ஜெயிக்கிறது என்பதை மட்டும் வைத்து ஆயுதத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

படி 3: போனையும் நெட்டையும் பாருங்கள்

சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் பல ‘ஓவர்பவர்’ புகார்களுக்கு வேர் இங்கேதான். ஒரு டீமில் நாலு பேரும் நொடிக்கு 60 ஃப்ரேமில் ஆடும் போன், இன்னொரு டீமில் இருவர் ரேம் போதாமல் திணறும் பழைய போன் என்றால் எந்தக் காம்போவும் பலமாகத்தான் தெரியும். மேட்ச் தொடங்கும்போது ஒவ்வொருவரும் பிங் (நெட்டின் தாமத அளவு) தெரியும்படி ஒரு ஸ்க்ரீன்ஷாட் போடச் சொல்லுங்கள். ஒருவருக்கு 40, மற்றவருக்கு 150 என்றால், முன்னவர் சுட்டது பின்னவர் திரையில் தெரிவதற்குள் கதை முடிந்திருக்கும். அந்த ரவுண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அப்புறம் சித்திரைத் திருவிழா வாரத்துக் கணக்கையும் ஒதுக்கிவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வழக்கமான நாலு பேரும் ரூமுக்கு வருவதே அபூர்வம். கோரிப்பாளையம் பக்கம் இருப்பவர்களுக்கு, அத்தனை கூட்டத்தில் டவர் கிடைத்தால் அதுவே பெரிய விஷயம். சப்ஸ்டிட்யூட் வைத்து ஆடிய மேட்சை ஆதாரமாகக் கொண்டுவந்தால் அட்மின் சிரித்துவிட்டுப் போகலாம்.

படி 4: எண்ணுங்கள், ஆனால் சரியாக எண்ணுங்கள்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

மேட்சை எண்ணாதீர்கள், ரவுண்டை எண்ணுங்கள். கிளாஷ் ஸ்குவாடில் முதலில் நாலு ரவுண்டு எடுப்பவர் மேட்சை எடுக்கிறார். ஒரு டீமுக்கு ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயிக்க 55 சதவீத வாய்ப்பு இருந்தால், மேட்சை ஜெயிக்கும் வாய்ப்பு 61 சதவீதம் ஆகிவிடும். ரவுண்டில் 60 என்றால் மேட்சில் 71. இந்தக் கணக்கு ஒவ்வொரு ரவுண்டும் தனித்தனி என்று எடுத்துக்கொண்டு போட்டது. நிஜத்தில் ஒரு ரவுண்டின் முடிவு அடுத்த ரவுண்டில் துப்பாக்கி வாங்கக் கையில் இருக்கும் காசைத் தொடுவதால் இடைவெளி இன்னும் விரியலாம். ஆக, மேட்ச் கணக்கில் மலைபோலத் தெரிவது ரவுண்டுக் கணக்கில் சின்ன மேடாக இருக்கலாம்.

அடுத்து, எத்தனை ரவுண்டு பார்த்தால் போதும்? “இருபதில் பதிமூன்று ஜெயிச்சிட்டாய்ங்கண்ணே” என்பார்கள். 65 சதவீதம், கேட்கப் பெரிதுதான். ஆனால் இரு பக்கமும் துல்லியமாகச் சம பலம் என்றாலும், ஒரு பக்கம் இருபதில் பதிமூன்றோ அதற்கு மேலோ ஜெயிக்க 13 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நாணயம் சுண்டினாலும் அப்படி விழும். இதைவிட மோசமானது ஒன்று உண்டு. உங்கள் ஏரியாவில் பத்து காம்போக்கள் சுற்றுகின்றன, ஒவ்வொன்றும் இருபது ரவுண்டு ஆடியிருக்கிறது, எல்லாமே சம பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவற்றில் ஒன்றாவது பதிமூன்றைத் தொட நாலில் மூன்று பங்கு வாய்ப்பு. அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு மாதம் முழுக்கச் சண்டை போடுவோம்.

இருபதில் பதினைந்து என்றால் சங்கதி வேறு. தற்செயலாக அது நடக்க 2 சதவீதம்தான் வாய்ப்பு. 100 ரவுண்டில் 60 என்றாலும் கிட்டத்தட்ட அதே அளவு, 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே என் அளவுகோல் இது: 100 ரவுண்டு சேரும் வரை குரூப்பில் ‘ஓவர்பவர்’ என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. வாரம் நாலைந்து மேட்ச் ஆடும் குரூப்புக்கு ஒரு மாதத்தில் இது சேர்ந்துவிடும்.

மூன்றாவது, ஒரே காம்போவை இரு டீமும் வைத்து ஆடிய ரவுண்டைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அதில் யார் ஜெயித்தாலும் அந்தக் காம்போவுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. நூறு ரவுண்டில் 60 இப்படி ஆடியது, மீதி 40-ல் காம்போ 26 ஜெயித்தது என்று வையுங்கள். உண்மையான விகிதம் 65 சதவீதம். எல்லாவற்றையும் கலந்து எண்ணினால் 160 முறை பயன்படுத்தி 86 வெற்றி, அதாவது 54 சதவீதத்தைக்கூடத் தொடாது. ஒரு காம்போ எந்த அளவுக்குப் பரவுகிறதோ அந்த அளவுக்கு அதன் வெற்றி விகிதம் 50-ஐ நோக்கி இறங்கும். “எல்லாரும்தான் வச்சிருக்காங்க, 54 தானே வருது” என்று ஒருவர் வாதாடினால் அவர் பொய் சொல்லவில்லை, கலந்து எண்ணுகிறார்.

ஒரு சாதாரண ஷீட் போதும். தேதி, மேப், எந்த டீம் எந்தக் காம்போ, ரவுண்டு முடிவு, பிங் குறை இருந்ததா. கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் ஒருவர் எந்த குரூப்பிலும் இருப்பார். அவரைப் பிடித்துக் கொடுத்துவிடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்.

படி 5: மாற்று இருக்கிறதா, அதற்கு விலை என்ன?

வெற்றி விகிதம் உயரமாக இருப்பதாலேயே ஒன்று தடைக்குத் தகுதியாகிவிடாது. பதில் சொல்ல வழி இருந்தால் அது ஆட்டத்தின் பகுதி. பதில் சொல்வதற்காகவே மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால்தான் பிரச்சினை. எதிரணியில் அது வருமா வராதா என்று தெரியாமலே அதற்கான மருந்தை எல்லா மேட்சிலும் சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால், அது ரூமில் இல்லாத நாளில்கூட ரூமை ஆள்கிறது.

பெரிய ஆட்டங்களில் இதற்கு நல்ல பாடங்கள் உண்டு. ஓவர்வாட்ச் ஆட்டத்தில் 2018 கடைசியிலிருந்து 2019 நடுப்பகுதி வரை ‘கோட்ஸ்’ என்ற அமைப்பு ஆண்டது. ஆறு பேரில் மூன்று டேங்க் (அடி தாங்குபவர்), மூன்று சப்போர்ட் (கூட்டாளிகளைக் காப்பவர்). சுட்டு வீழ்த்துவதையே வேலையாகக் கொண்ட டேமேஜ் ஹீரோ ஒருவரும் கிடையாது. தனித்தனியே எந்த ஹீரோவும் அளவு மீறிய பலம் கொண்டவர் அல்ல. சேர்ந்து நின்றால் சாகாமல் நின்றார்கள். ஹீரோக்களின் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தும் அது அசைய மறுத்தது. ஒரு காம்போவில் குற்றவாளி ஸ்கில் எது என்று தேடிக் கிடைக்காமல் போனால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். குற்றம் கூட்டணியிலேயே இருக்கலாம்.

2019 ஜூலையில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஓவர்வாட்ச் லீகின் மூன்றாம் கட்ட இறுதியில் ஷாங்காய் டிராகன்ஸ், டேமேஜ் ஹீரோக்களை நம்பி ஆடி, வலுவான சான் பிரான்சிஸ்கோ ஷாக்கை 4-3 என்று வீழ்த்தியது. முந்தைய ஆண்டு ஆடிய 40 மேட்சிலும் தோற்ற டீம் அது! அதே மாதம், இனி ஒவ்வொரு டீமும் இரண்டு டேங்க், இரண்டு டேமேஜ், இரண்டு சப்போர்ட் என்றுதான் ஆட வேண்டும் என்ற விதி லீகில் வந்துவிட்டது. விதி தேவைப்பட்டதா, இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் ஆட்டக்காரர்களே உடைத்திருப்பார்களா? என் கருத்து, விதி தாமதமாக வந்தது. அத்தனை மாதம் பார்வையாளர்களை ஒரே ஆட்டத்தைப் பார்க்க வைத்தது பெரிய நஷ்டம். ஆனால் ஷாங்காய் ரசிகரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வேறு பதில் வரும்.

இன்னொரு பாடம் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற ஆட்டத்தில். எஸ்ஜி 553 என்ற துப்பாக்கி ஆட்டத்தில் பல வருடமாகக் கிடந்தது, பெரும்பாலானவர்கள் அதை வாங்குவதே இல்லை. 2018-ல் ஆட்டத்துக்குள் அதன் விலையை 3,000-லிருந்து 2,750 ஆகக் குறைத்தார்கள். அதற்காக எடுத்துப் பார்த்தவர்கள், இது ஏகேவை விட நன்றாக இருக்கிறதே என்று கண்டுகொண்டார்கள். 2019-ல் பெரிய போட்டிகளில் அது நிறைந்துவிட்டது. பிறகு விலையைப் பழையபடி 3,000 ஆக்கினார்கள், ஆனால் யாரும் கீழே வைக்கவில்லை. 2020-ல் அதன் பலத்தையே குறைத்த பிறகுதான் அடங்கியது. துப்பாக்கி மாறவில்லை, அதைப் பற்றிய அறிவுதான் மாறியது. “இத்தனை நாள் யாரும் சொல்லலையே, இப்ப மட்டும் எப்படி ஓவர்பவர் ஆச்சு?” என்று கேட்பவருக்கு இதுதான் பதில்.

நம் ஆட்டத்திலேயே க்ரோனோ இருக்கிறது. 2020 டிசம்பரில் கிறிஸ்டியானோ ரொனால்டோவை வைத்து வந்த கேரக்டர். முதலில் அதன் கவசம் 600 டேமேஜைத் தடுத்தது, உள்ளே நின்றுகொண்டே வெளியே சுடவும் முடிந்தது. அந்தக் காலத்தில் க்ரோனோ இல்லாத டீமைப் பார்ப்பதே அரிது. பின்னால் வந்த திருத்தங்களில் உள்ளிருந்து வெளியே சுடுவதை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் கவசம் தடுக்கும் டேமேஜ் 800 என்று கூடிய காலத்தில்கூடப் பழைய புகார் திரும்பவில்லை. எண் பெரிதாகியும் பலம் குறைந்தது. அடி வாங்காமல் அடி கொடுக்க முடிந்ததுதான் அங்கே நோய், 600 என்ற எண் அல்ல. உங்கள் ரூமில் ஒரு புகார் வரும்போது எண்ணைப் பார்ப்பதற்கு முன், எதிராளி பதில் சொல்ல முடியாத கணம் எது என்று தேடுங்கள்.

தேட ஒரு வழி: புகார் கொடுத்த டீமுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். மாற்று கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலை. ஸ்கில் தீரும் வரை விலகி ஓடுவது, ஒட்டி நகருபவர்களைக் கிரனேடால் பிரிப்பது, முதல் ரவுண்டுகளில் காசைச் சேர்த்துப் பின்னால் செலவழிப்பது என்று ஏதாவது வரும். வந்தால் புகார் தானாக வாபஸ். வராவிட்டால், அவர்கள் முயன்றதன் பதிவே நல்ல ஆதாரம்.

படி 6: சின்ன மருந்திலிருந்து தொடங்குங்கள்

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, காம்போ பலம்தான் என்று தெரிந்துவிட்டது. கம்பெனி திருத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, உங்கள் ரூமுக்கு நீங்களே விதி போடலாம். ஆனால் ‘தூக்கு’ என்பது கடைசி மருந்து.

முதலில் அளவு வையுங்கள்: ஒரு டீமில் அந்த கேரக்டர் ஒருவருக்குத்தான். ஒட்டி நகரும் காம்போக்களில் பாதிக்கு மேல் இதிலேயே அடங்கிவிடும். போதவில்லை என்றால் மேட்சுக்கு முன் ஒவ்வொரு டீமும் எதிரணிக்கு ஒரு கேரக்டரைத் தடுக்கலாம் என்று வையுங்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். எது பலம் என்று அட்மின் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை, பயப்படுபவர் தானே தடுத்துக்கொள்கிறார். நாலு வாரம் கழித்து எது அதிகம் தடுக்கப்பட்டது என்று பார்த்தால், எல்லோரும் மனதுக்குள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது வாதம் இல்லாமலே தெரிந்துவிடும். இதுவும் போதாதபோதுதான் முழுத் தடை. தடையைப் பேச்சு ஒப்பந்தமாக விடாமல், லாபியில், அதாவது ஆட்டம் தொடங்கும் முன் காத்திருக்கும் திரையில், எல்லோருடைய கேரக்டர் செட்டும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் வாங்கிவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காம்போவையும் தடுத்து, மேப்பையும் மாற்றி, ரவுண்டு எண்ணிக்கையையும் கூட்டினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. டோர்னமென்ட் நடக்கும்போது விதியைத் தொடவே தொடாதீர்கள். அரையிறுதிக்கு முதல் நாள் ஒரு காம்போவைத் தடுத்தால், கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது ஒரு டீமுக்கு எதிரான தீர்ப்பாகத்தான் பார்க்கப்படும். நியாயமும் அதுதான்.

படி 7: பஞ்சாயத்தை நடத்தும் விதம்

தீர்ப்பு சொல்பவர் இரண்டு டீமிலும் இல்லாதவராக இருக்கட்டும். செல்லூர், வில்லாபுரம் வழக்கு என்றால் திருநகரிலிருந்தோ மேலூரிலிருந்தோ ஒரு அண்ணனைக் கூப்பிடுங்கள். கணக்கு எடுக்கத் தொடங்கும் முன்பே, எந்த எண் வந்தால் என்ன செய்வோம் என்பதை எழுதி குரூப்பில் பின் செய்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு அளவுகோல் பேசினால், அவரவருக்கு வசதியான இடத்தில்தான் கோடு விழும். அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

“இரட்டை அலோக் காம்போ பற்றிய புகார். இன்றிலிருந்து 100 ரவுண்டு. ஒரே காம்போ மோதும் ரவுண்டும், பிங் 100-க்கு மேல் போன ரவுண்டும் சேராது. இரு டீமும் மாற்றி ஆட வேண்டும். யார் எடுத்தாலும் 10 ரவுண்டுக்கு மேல் ஏறினால், அடுத்த டோர்னமென்ட்டில் டீமுக்கு ஒரு அலோக். ஏறாவிட்டால் புகார் முடிந்தது, மூன்று மாதத்துக்குத் திரும்ப எடுக்கக் கூடாது.”

காம்போவை முதலில் கண்டுபிடித்த பையன்களை ஏமாற்றுக்காரர்கள்போல நடத்துவது நம் குரூப்களில் இருக்கும் மோசமான பழக்கம். ஆட்டம் அனுமதித்ததைத்தான் அவர்கள் செய்தார்கள். “நல்லாக் கண்டுபிடிச்சீங்கப்பா, ஆனா இனி ஒண்ணுதான்” என்று சொல்லிப் பாருங்கள், பேசாமல் ஒத்துக்கொள்வார்கள். “சீப்பான டீம்” என்று திட்டினால் ஆறு மாதத்துக்குச் சண்டை போடுவார்கள். நேருக்கு நேர் பேச வேண்டிய கட்டம் வந்தால் தமுக்கம் பக்கம் ஒரு டீக்கடையில் நாலு நாலு பேராக உட்காருங்கள். டைப் செய்யும்போது வரும் வீரத்தில் பாதி, எதிரே ஆள் உட்கார்ந்தால் வருவதில்லை.

ரவுண்டுக்கு இவ்வளவு என்று பந்தயம் கட்டுவதை மட்டும் உள்ளே விடாதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025-ல் வந்துவிட்டது. இ-ஸ்போர்ட்ஸை அதே சட்டம் தனியாக அங்கீகரிக்கிறது. அது தவிர, பணம் நடுவில் வந்துவிட்டால் மேலே சொன்ன எந்தக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

படி 8: அப்டேட் வந்தால்

பெரிய அப்டேட் வந்த அன்று உங்கள் தடைப் பட்டியலை முழுக்க அழித்துவிடுங்கள். போன அப்டேட்டில் எடுத்த 100 ரவுண்டு கணக்கு இந்த அப்டேட்டுக்குச் செல்லாது. நீங்கள் தடுத்த ஸ்கில்லையே கம்பெனி குறைத்திருக்கலாம், அப்போது ஒரே ஆளுக்கு இரண்டு தண்டனை ஆகிவிடும். அப்டேட் குறிப்பை ஒருவர் படித்து, மாறிய கேரக்டர்களை மட்டும் தமிழில் நாலு வரியில் குரூப்பில் போடட்டும். முதல் இரண்டு வாரம் எந்தப் புகாரையும் ஏற்காதீர்கள். புது ஸ்கில் எதுவும் அந்த இரண்டு வாரம் பூதம்போலத்தான் தெரியும். பதினைந்தாம் நாள் புது ஷீட் திறந்து, புகார்களை மறுபடி எழுத்தில் வாங்கத் தொடங்குங்கள்.